தேநீரும் சீனியும் பற்களும்: மலையகத் தோட்டங்களின் சமூக வரலாற்றில் ஒரு பகுதி

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசாங்க அறிக்கைகளையும் தோட்டக் கணக்கேடுகளையும் வாய்மொழிப் பாடல்களையும் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். மனிதரின் பற்களும் அத்தகைய சான்றே என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்ட உணவும், குடித்த பானமும், கிட்டாது போன மருத்துவமும் எலும்பினும் வலிய அப்பொருளிற் பதிவாகிவிடுகின்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இச்சான்று புதைகுழிகளிலிருந்தன்றி, உயிருள்ள மனிதரின் வாயிலிருந்தே திரட்டப்பட்டுள்ளது. உலகெங்குமுள்ள பல்மருத்துவ மாணவர் அதனைப் பாடமாகப் படிக்கின்றனர். ஆயினும் மலையகம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அது இடம்பெறக் காண்பது அரிது. இக்குறையைச் சிறிதளவேனும் போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1970ஆம் ஆண்டு, நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினேன், ஹரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களுக்கு நோர்வே நாட்டு ஆய்வாளர் குழுவொன்று வந்தது. ஹரால்ட் லோ, ஓகே ஓனெருட், ஹான்ஸ் பொய்சென் ஆகியோர் அதில் முதன்மையானோர். முரசழற்சிக்குப் பற்களிற் படியும் பற்றீரியாப் படலமே காரணம் என்பதை 1965இற் பரிசோதனை மூலம் நிறுவியவர் லோ. பிற்காலத்தில், 1983 முதல் 1994 வரை, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பல்லாராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளராகவும் விளங்கியவர். ஒஸ்லோ நகரின் மாணவரும் கல்விமான்களுமான 565 ஆண்களை இவர்கள் 1969இலேயே ஆராயத் தொடங்கியிருந்தனர். அவர்களோடு ஒப்பிடுவதற்கு, பல்மருத்துவத்தின் நிழலே படாத மக்கட் கூட்டமொன்று தேவைப்பட்டது. பூண்டுலோயாவில் அது கிடைத்தது. பதினான்கு வயது முதல் முப்பது வயதையொட்டியோர் வரையிலான 480 ஆண் தொழிலாளர் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1970, 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்டனர்.

கண்டறியப்பட்டவை இரண்டு. பற்றூரிகை அறியாத அம்மக்களின் பற்களிற் படலமும் காறையும் வெற்றிலைக் கறையும் மண்டியிருந்தன. முரசழற்சி அனைவரிடமும் காணப்பட்டது. இது எதிர்பார்க்கப்பட்டதே. மற்றையதோ வியப்புக்குரியது: பற்சூத்தை அவர்களிடம் ஏறத்தாழ இல்லை. ஆதலால் அவர்கள் இழந்த பற்கள் யாவும் முரசு நோயினாலேயே இழக்கப்பட்டவை என ஆய்வாளர் கொள்ள முடிந்தது. பல்மருத்துவ உலகு முதலாவது செய்தியையே பெரிதாகப் பற்றிக்கொண்டது. சமூக வரலாற்று மாணவராகிய நமக்கு இரண்டாவது செய்தியே முதன்மையானது. பற்களைத் துலக்காத ஒரு கூட்டத்தாரிடம் சூத்தை ஏன் இல்லாது போயிற்று?

விடை காண்பதற்குச் சூத்தை தோன்றும் முறையை அறிதல் வேண்டும். பேர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான டபிள்யூ. டி. மில்லர் 1890இல் வெளியிட்ட தமது நூலில் இதற்கு அடிப்படை விளக்கம் தந்தார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரைப் பொருளைச் சிதைத்து அமிலம் ஆக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மிளிரியைக் கரைக்கின்றது. சீனி வாயிற் பட்ட சில நிமிடங்களுக்குள் பற்படலத்தின் பீ. எச். பெறுமானம் சடுதியாக வீழ்ந்து, மீண்டும் பழைய நிலையை எய்த அரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் செல்கின்றது என்பதை 1940களில் ஸ்டெபன் என்பார் அளந்து காட்டினார். பெறுமானம் 5.5 அளவில் இறங்கியதும் மிளிரி கரையத் தொடங்குகின்றது. உமிழ்நீர் அவ்விழப்பை மெல்ல மெல்ல ஈடுசெய்ய முயல்கின்றது. எனவே எவ்வளவு சீனி உண்ணப்படுகின்றது என்பதனோடு, எத்தனை தடவை உண்ணப்படுகின்றது என்பதும் பெரிதாகின்றது. சுவீடன் நாட்டு விபெஹோம் என்னுமிடத்தில் 1945 முதல் நடந்த ஆய்வு இதனை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தது. உணவு வேளையில் உட்கொண்ட சீனியிலும், இடைவேளைகளில் வாயில் ஒட்டிக்கொள்ளும் வடிவில் உட்கொண்ட சீனி பன்மடங்கு தீங்கு செய்தது. அவ்வாய்வு மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்து மக்களை, அவர்தம் ஒப்புதலின்றி, இனிப்பூட்டிச் சூத்தையடையச் செய்து நடத்தப்பட்டது என்பதையும் ஈண்டுச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. பற்களைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி குரலற்றோரின் வாயிலிருந்து பெறப்பட்டதாகும்.

இனி, தோட்டங்களிற் சீனியின் வரலாற்றை நோக்குவோம். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்ததும் யாவரும் அறிந்தவை. தேயிலை பெருகிய அதே காலத்தில் பிரித்தானியாவிற் சீனியின் நுகர்வும் பெருகியது. 1874இல் அங்குச் சீனி மீதான தீர்வை முற்றாக நீக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 18 இறாத்தலாயிருந்த சீனி நுகர்வு அந்நூற்றாண்டின் முடிவில் 90 இறாத்தலை எட்டியது. இலங்கைத் தேயிலையும் சீனியும் ஒரே கோப்பையிற் கலந்தன. பசித்த ஆலைத் தொழிலாளிக்கு மலிவான சூட்டையும் சக்தியையும் அக்கோப்பை அளித்தது. சமைக்க நேரமற்ற குடும்பங்களில் அதுவே உணவுமாயிற்று. மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட நூல் இத்தொடர்பை விரிவாக ஆராய்கின்றது. அதன் விலையைப் பற்கள் செலுத்தின. 1899இல் மூண்ட பூவர் யுத்தத்துக்குப் படையிற் சேர வந்த பிரித்தானிய இளைஞருட் பலர் பற்கேடு காரணமாகவே நிராகரிக்கப்பட்டனர்.

அக்கோப்பைக்குத் தேயிலை தந்தவரின் நிலை வேறு. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த அவர்களுக்குத் தோட்டம் கொடுத்த உணவு அரிசி ஒன்றே. அதுவும் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. கங்காணியின் கடனும் கடைப்பற்றும் போக எஞ்சும் சில்லறையில் அரிசிக்குத் துணையான உப்பும் மிளகாயும் கருவாடும் வாங்க வேண்டும். சீனி அவ்வரிசையிற் கடைசியில் நின்றது. விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னர் குடிக்கும் தேத்தண்ணி பெரும்பாலும் பாலற்றது. கையிலே ஒரு துண்டுக் கருப்பட்டியையோ ஒரு சிட்டிகைச் சீனியையோ வைத்து, நாவிற் பட்டதும் படாததுமாய்க் குடித்து முடிப்பர். கோப்பையிற் கரைப்பதற்கு வேண்டியதிற் காற்பங்கு சீனி அதற்குப் போதும். இலங்கை முழுவதும் ஏழை மக்களிடையே நிலவிய இப்பழக்கத்தைச் சிக்கனத்தின் கலை என்று சிலர் பாராட்டுவர். அது வறுமையின் கணக்கு என்பதே எமது கருத்து.

சீனியின்மையோடு இன்னொரு காரணமும் சேர்த்து எண்ணப்பட வேண்டும். தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை உறிஞ்சித் தன் இலைகளிற் சேமிக்கும் இயல்புடையது. தேநீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல், சிலவேளை மூன்று நான்கு மில்லிகிராம் வரையும் புளோரைட்டு இருப்பதுண்டு. அநுராதபுரம் போன்ற வறண்ட வலயப் பகுதிகளில் நிலத்தடி நீரின் மிகையான புளோரைட்டே மக்களின் பற்களைக் கறைப்படுத்துகின்றது. மலைநாட்டு ஊற்று நீரிலோ அது மிகக் குறைவு. ஆகவே மலையகத்தாருக்குப் புளோரைட்டு கிடைத்த முக்கிய வழி தேநீரே எனலாம். கொழுந்தைக் காட்டிலும் முற்றிய இலையிற் புளோரைட்டு பன்மடங்கு அதிகம். இரட்டை இலையும் மொட்டும் இலண்டன் ஏலத்துக்குச் செல்ல, தரங்குறைந்த தூளே தொழிலாளரின் கேத்தலுக்கு வந்தது. அத்தூளில் முற்றிய இலையும் காம்பும் கலந்திருந்தமையால், ஏற்றுமதிக்கு உதவாத தேயிலையே அவர்களின் பற்களுக்கு அரணாயிற்றோ என்று ஊகிக்க இடமுண்டு. இது எமது ஊகமேயன்றி நிறுவப்பட்ட முடிவன்று. ஆயினும் சீனி கலவாத தேநீர் மிளிரியைக் கரைக்குமளவு அமிலத்தன்மை உடையதன்று என்பதும், அதன் தீங்கு கறையளவில் நின்றுவிடுவது என்பதும் ஐயமற்றவை.

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்கு எதிராக எச்சரித்தல் அவசியமாகின்றது. தோட்டத் தொழிலாளர் ‘இயற்கையோடு ஒட்டி’ வாழ்ந்ததாற் பற்கள் நலமாயிருந்தன என்று கூறுவது எளிது. லோ குழுவினர் 1986இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பும் ‘மனிதரில் முரசு நோயின் இயற்கை வரலாறு’ எனவே தொடங்குகின்றது. அதன் முடிவுகளைப் பாருங்கள். ஆராயப்பட்டோருள் 8 வீதத்தினரிடம் நோய் விரைந்து முற்றியது; 81 வீதத்தினரிடம் மிதமாக வளர்ந்தது; 11 வீதத்தினரிடம் முரசழற்சிக்கு அப்பால் வளரவில்லை. முதற்பிரிவினருக்கு 35 வயதிலேயே பல்லைத் தாங்கும் இழையப் பிணைப்பு சராசரி 9 மில்லிமீற்றர் அழிந்திருந்தது; 45 வயதில் 13 மில்லிமீற்றர். ஒரு பல்வேரின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெண்ணின் பொருள் விளங்கும். பூச்சி விழாத முழுப்பல் ஆட்டங்கண்டு கையோடு வந்துவிடும். நாற்பது வயதுத் தொழிலாளி றொட்டியை மெல்ல முடியாது தேத்தண்ணியில் தோய்த்து விழுங்குவார்.

இது இயற்கையின் வரலாறுதானா? தோட்ட மருத்துவத்துக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின்னர், பேராதனையில் நாட்டின் பல்மருத்துவக் கல்வி நடைபெற்று வந்த காலத்தில், அங்கிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்று திரும்பக்கூடிய பூண்டுலோயாவில், பற்றூரிகை அறியாத 480 மனிதரைக் கண்டுபிடிக்க முடிந்தது. நியூசிலாந்து முறையைத் தழுவிய பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை ஏனைய பகுதிகளிற் பரவிய போது தோட்டப் பாடசாலைகள் அரசாங்க அமைப்புக்குள் வந்திருக்கவே இல்லை. 1977இன் பின்னரே அவை படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் எத்தனையோ பேர். அடுத்தடுத்த பரிசோதனைகளிற் காணாமற்போனோருள் அவர்களும் இருந்திருப்பர் என்பது எண்ணத்தக்கது. 480 பேருடன் தொடங்கிய ஆய்வில் 1985இல் எஞ்சியிருந்தோர் 161 பேர். ‘சிகிச்சை பெறாத மக்கள்’ என மருத்துவ நூல்கள் குறிப்பிடுவோரை, ‘சிகிச்சை கொடுக்கப்படாத மக்கள்’ என்று நாம் திருத்தி வாசித்தல் வேண்டும். ஆய்வாளரின் நுணுக்கத்தையும் விடாமுயற்சியையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பதினைந்து ஆண்டுகள் ஒரு நோயின் வளர்ச்சியை அளந்து குறித்தல் எங்கே முடிந்து, அதனைத் தடுக்கும் கடமை எங்கே தொடங்குகின்றது என்ற கேள்வியை மட்டும் எழுப்புகின்றோம். ஒஸ்லோவின் கல்விமானுக்கு அக்கேள்வி எழ இடமில்லை. அவருக்கு ஆண்டுதோறும் பல்வைத்தியர் இருந்தார்.

மேலும் ஒன்று. ஆராயப்பட்டோர் அனைவரும் ஆண்கள். கொழுந்து பறிப்போர் பெண்கள். ‘தேயிலைத் தொழிலாளரின் பற்கள்’ என்று உலகம் படிக்கும் ஏட்டில், தேயிலையைப் பறித்த கைகளுக்குரியோரின் பற்கள் இல்லை. வீட்டிற் கடைசியாக உண்பவளும், பிள்ளைப்பேறுகளினால் உடல் மெலிந்தவளுமான பெண்ணின் வாய் எந்நிலையில் இருந்தது? பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பற்கள் எவ்வாறிருந்தன? ஆண்களிடம் பெற்ற முடிவை இவர்களுக்கும் ஏற்றிச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆய்வு நடந்த ஆண்டுகளின் வரலாறும் கவனத்துக்குரியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது அரிசியும் மாவும் சீனியும் கிடைப்பது அரிதாயிற்று. தோட்டங்களில் மரணவீதம் உயர்ந்தது. பற்சூத்தையின்மைக்கும் பட்டினிக்கும் இடையிலிருந்த தூரம் எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1975இற் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் சீனி தடையின்றிக் கடைகளுக்கு வர, கையில் வைத்து நக்கிய சீனி கோப்பைக்குள் இறங்கியது. ரின்பாலும் பிஸ்கற்றும் லயத்துக்குள் வந்தன. தொழிலாளி நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை தேத்தண்ணி குடிப்பவர். ஒவ்வொரு தடவையும் இரண்டு கரண்டிச் சீனி கரையுமாயின், மில்லரும் ஸ்டெபனும் விளக்கிய அமிலத் தாக்குதலும் ஐந்தாறு தடவை நிகழும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் தொழிலாளியின் வாயில் நடந்தது, முக்காற் நூற்றாண்டு பிந்தி அட்டன் தொழிலாளியின் வாயில் நடக்கத் தொடங்கியது.

போத்தற் பானங்களின் வரவு இதனின்றும் வேறுபட்டது. சோடாவும் ஜின்ஜர் பியரும் நகரங்களுக்கு எப்போதோ வந்துவிட்டன. தோட்டத்தில் அவை திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் துரை வருகைக்கும் உரியவை. இன்றோ அட்டன், தலவாக்கலை பஸ் நிலையங்களில் மட்டுமன்றி, லயத்தின் கோடியிலுள்ள சிறுகடையிலும் வண்ண வண்ணப் போத்தல்களும் பைக்கற்றுகளும் தொங்குகின்றன. இவை இரு வகையிற் பல்லைத் தாக்குவன. இவற்றின் சீனி பற்றீரியாவுக்கு உணவாகிச் சூத்தையை விளைவிக்கின்றது. இவற்றிலுள்ள பொசுபோரிக்கமிலம், சித்திரிக்கமிலம் முதலியவையோ பற்றீரியாவின் துணையின்றியே மிளிரியை நேராக அரிக்கின்றன. கோலா வகைப் பானத்தின் பீ. எச். பெறுமானம் ஏறத்தாழ 2.5, பழச்சுவைப் பானங்கள் பலவற்றுக்கு மூன்றையொட்டியது. சீனி நீக்கப்பட்டதாக விளம்பரப்படுத்தப்படும் பானத்திலும் இவ்வமிலம் நீங்குவதில்லை. அமிலத்தால் மிளிரி மென்மையுற்ற வேளையிற் பல்லைத் துலக்கினால் தேய்வு மிகுமாதலால், சிறிது நேரம் பொறுத்தே துலக்குதல் வேண்டும் என்பர் மருத்துவர். குடித்தவுடன் பல் விளக்கச் சொல்லும் நல்லெண்ணமுடைய ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருத்தல் நன்று.

1983–84, 1994–95, 2002–03, 2015–16 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகளிற் கடைசியானதன்படி, இந்நாட்டின் ஐந்து வயதுக் குழந்தைகளுள் அரைவாசிக்கு மேற்பட்டோருக்குச் சூத்தை உண்டு. பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் வாளாவிருக்கின்றனர். இரவெல்லாம் வலியால் அழும் குழந்தையோடு விழித்திருந்து, விடிந்ததும் கொழுந்துக்குப் போகும் தாயை அறிந்தவர் அவ்வாறு கூறார். ஒரு நாட் பெயர் போனால் அந்நாட் சம்பளமும் போகும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் செலவு வேறு.

அரசு முற்றாகச் சும்மா இருந்ததென்று கூறவியலாது. 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் வண்ணக் குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சட் கலந்த நிறம். இரண்டுக்குக் குறைந்தாற் பச்சை. 2017 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், உணவிற் சேர்க்கப்படும் சீனி மொத்தச் சக்தியிற் பத்து வீதத்துக்குக் குறைவாயிருத்தல் வேண்டும் என்றும், ஐந்து வீதத்துக்குக் குறைத்தல் இன்னும் நன்று என்றும் கூறியது. வண்ணக் குறியும் வரியும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் மஞ்சள் நிறத்தின் வீச்சு 2 முதல் 11 வரை விரிந்து கிடக்கையில், சிவப்பிலிருந்து தப்பச் சிறிதளவு குறைத்தாற் போதும் என்பது உற்பத்தியாளருக்குத் தெரியாததன்று. அமிலத்துக்கோ எந்த நிறமும் இல்லை.

சீனியைக் குறையுங்கள் என்று மலையேறும் தொழிலாளியிடம் கூறுமுன் அவருக்கு அது என்ன செய்கின்றது என்பதை நாம் உணர்தல் வேண்டும். காலையுணவின்றிக் கொழுந்துக் கூடையோடு ஏறுபவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி சுவைப்பொருளன்று, அதுவே எரிபொருள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பால்மாவும் சீனியும் எட்டாக் கனியான போது தோட்டங்கள் மீண்டும் வெறுந்தேநீருக்குத் திரும்பின. அதனைப் பற்களுக்கு நன்மை என்று எந்த மருத்துவரும் சொல்லத் துணிந்திலர். சோற்றாலும் பருப்பாலும் கிடைக்க வேண்டிய சக்தி கிடைக்குமாயின், கோப்பையின் சீனி தானே குறையும். போத்தற் பானத்தின் நிலை அதுவன்று. அது பசியையும் ஆற்றாது, பல்லையும் விடாது.

இவ்வாய்வு 2010இல் மீண்டும் தொடரப்பட்டது. 480 பேருள் 75 முதியோர் தேடிக் கண்டறியப்பட்டு, நாற்பது ஆண்டுக்குப் பின் மறுபடியும் வாய் திறந்து காட்டினர். அம்முடிவுகள் 2017இல் வெளிவந்தன. பூண்டுலோயாவின் அதே தோட்டங்களில் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனர். அத்தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் பாடல்களைச் சேகரித்தது போன்று, தோட்டக் கடைகளின் பற்றுக் கொப்பிகளைச் சேகரிக்க நமது சங்க மாணவர் முன்வருவாராயின் பெரும்பயன் விளையும். எந்த ஆண்டில் எத்தனை இறாத்தற் சீனி எந்த லயத்துக்குச் சென்றது, முதற் சோடாப் போத்தல் எப்போது கணக்கில் ஏறியது என்பவை அவற்றில் எழுதப்பட்டிருக்கும். கரப்பானும் ஈரமும் தின்று முடிக்கும் முன்னர் அவை எடுக்கப்படல் வேண்டும். லோ குழுவினர் விட்டுச் சென்ற பெண்களிடம், இப்போது எழுபது எண்பது வயதை எட்டியுள்ள பாட்டிமாரிடம், அவர்கள் எப்போது எப்பல்லை எவ்வாறு இழந்தனர் என்று கேட்டு எழுதுதலும் இப்பணியின் மறுபாதியாகும்.